அஷிகாகா ஷோகன் 15 பேர்: ஆட்டம் உண்மையில எப்போ முடிஞ்சது?

சுவடிப்பித்தன்:
போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கியோட்டோவுல தோஜி-இன் கோயிலுக்குப் போனேன். அஞ்சடுக்கு கோபுரம் இருக்கிற பெரிய தோஜி வேற, அது ஸ்டேஷன் பக்கம். இது ஊருக்கு வடமேற்குல, குட்டி ட்ராம்ல போய் இறங்கி சந்துக்குள்ள நடக்கணும், தங்கக் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு பக்கத்துலயே இருக்கிறது தெரியாது. உள்ள ஒரு மண்டபத்துல அஷிகாகா ஷோகன்கள் (ஒரு காலத்துல ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் வம்சம்) மரச்சிலையா ரெண்டு வரிசையா உக்காந்திருக்காங்க. ஆள் அளவு இருக்கும், கண்ணு மினுங்குது, கொஞ்சம் பயமாவே இருந்தது. எண்ணிப் பாத்தா 13 தான் வருது. 15 பேர்ல அஞ்சாவது ஆளும் பதினாலாவது ஆளும் இல்ல. அதுக்கு பதிலா சம்பந்தமே இல்லாம, பின்னாடி வந்த இன்னொரு ஷோகன் வம்சத்தை ஆரம்பிச்ச தொகுகாவா இயேயாசு ஒரு சிலையா உக்காந்திருக்காரு!

இந்த மூஞ்சிங்களை பாத்துட்டு வந்ததுல இருந்து ஒரே யோசனை. பாடப் புத்தகம் 1338-ல முதல் ஷோகன் தகாவுஜி பதவி ஏத்தாரு, 1573-ல நோபுனாகாங்கிற போர்ப் பிரபு கடைசி ஷோகன் யோஷிஅகியை விரட்டினாரு, அதோட முடிஞ்சதுன்னு சொல்லுது. என் கணக்கு வேற. 1428-லயே கதை முடிஞ்சிருச்சு, மிச்ச 145 வருஷம் வெறும் இழுவை. யாராவது சண்டைக்கு வாங்க, விளக்கமா சொல்றேன்.

தூங்காநகரம்:
வந்தாச்சு தல. முதல்ல எனக்கு ஒரு டவுட், தகாவுஜி தவிர எல்லாருக்கும் ஏன் யோஷி யோஷின்னே பேரு? யோஷிமிட்சு யோஷிமோச்சி யோஷினோரி யோஷிமாசா... ரெண்டு நாளா படிக்கிறேன், தலை சுத்துது.

நெல்லிக்காய்:
அது அவங்க வம்சத்து எழுத்து தம்பி. மினமோதோ குலத்துல வழிவழியா வர்றது. பின்பாதியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. மிட்சு தங்கம், மாசா வெள்ளி, தேரு கத்தி, அகி கடைசி. இப்படித்தான் நான் பழகினேன்.

மீன்கொத்தி:
1428-னு சொல்றது ரொம்ப ஓவர். அப்போ ஓனின் போர் (1467-77) கணக்குலயே இல்லையா? கியோட்டோ பத்து வருஷம் எரிஞ்சது அதுல தானே. எட்டாவது ஷோகன் யோஷிமாசா தான் குடியைக் கெடுத்தவர்னு உலகத்துக்கே தெரியும்.

சுவடிப்பித்தன்:
சரி கேளுங்க. நாலாவது ஷோகன் யோஷிமோச்சி. பையன் யோஷிகாசுவுக்கு 1423-ல பட்டம் கட்டினாரு, அவன் 1425-லயே செத்துட்டான், ரெண்டே வருஷம் (தோஜி-இன்ல சிலை இல்லாத அஞ்சாவது ஆளு இவன்தான்). அப்புறம் வேற வாரிசே இல்லாம அப்பாவே திரும்ப ஆட்சி நடத்தினாரு. 1428 ஆரம்பத்துல குளிக்கும்போது ஒரு கட்டியை சொறிஞ்சு வெச்சு அது புரையோடி படுத்துட்டாரு. சாகக் கிடக்கிறாரு, பெரிய ஷூகோ (மாகாணத் தலைவர்) பிரபுக்கள் எல்லாம் சுத்தி நின்னு "அடுத்தது யாருன்னு சொல்லிட்டுப் போங்க"ன்னு கேக்கறாங்க. அவரு சொல்ல மாட்டேன்னுட்டாரு. அதுக்கு அவர் சொன்ன காரணம் தான் என்னை ஆட்டி வைக்குது. நான் ஒருத்தன் பேரை சொன்னாலும் நீங்க எல்லாம் அவனை தாங்கலைன்னா சொல்லி என்ன பிரயோஜனம், அதனால நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்கன்னு. இது மான்சாய்னு ஒரு பெரிய மடாதிபதி டைரில இருக்கு, அந்த ஆளு பக்கத்துலயே இருந்தவர்.

பேசி முடிவு பண்ண முடியல. கடைசில திருவுளச்சீட்டு! யோஷிமோச்சியோட தம்பிங்க நாலு பேர், நாலு பேருமே துறவிங்க. மான்சாய் பேரை எழுத, ஹதகேயாமா மிட்சுயே இவாஷிமிசு ஹாச்சிமான் கோயிலுக்குப் போய் சாமி முன்னாடி ஒண்ணை எடுத்தாரு. யோஷிமோச்சி கண்ணை மூடுற வரைக்கும் சீட்டை பிரிக்கல. பிரிச்சா கியென், தெண்டாய் மதத்துக்கே தலைமை குருவா இருந்தவர். அவரு தான் ஆறாவது ஷோகன் யோஷினோரி.

ஒரு நாட்டோட படைத்தலைவன் சாகும்போது "என் பேச்சு செல்லாது"ன்னு வாயாலயே ஒத்துக்கறான். இதுக்கு மேல முடியறதுக்கு என்ன இருக்கு?

புதுவரவு:
நான் இப்போ தான் சேர்ந்தேன், ஒரு அடிப்படைக் கேள்வி. ஷோகன்னா ராஜா இல்லையா? ராஜா சொன்னா எல்லாரும் கேட்டுத்தானே ஆகணும்?

வட்டிக்கடை:
ராஜா தனியா இருக்காரு, பேரரசர்னு கியோட்டோவுலயே. ஷோகன்ங்கிறது அவர் குடுக்கிற படைத்தலைவர் பட்டம். ஆனா நடைமுறைல ஆட்சி ஷோகன் கையில. இதுல அஷிகாகாக்காரங்களுக்கு ஒரு பெரிய ஓட்டை, சொந்த நிலம் ரொம்ப கம்மி. நாட்டுல 60 சொச்சம் மாகாணம், ஒவ்வொண்ணுக்கும் ஷூகோன்னு ஒரு காவல் தலைவர், ஆளும் நெல்லும் அவங்க கிட்ட. யமானா குடும்பம் ஒரு காலத்துல 11 மாகாணம் வெச்சிருந்தாங்க, ஊரே அவங்களை "ஆறுல ஒரு பங்கு ஐயா"ன்னு கூப்பிட்டுது. ஷோகனுக்கு ரெண்டாம் இடத்துல இருக்கிற கான்ரே பதவியும் ஷிபா, ஹொசோகாவா, ஹதகேயாமா மூணு வீட்டுக்குள்ளயே சுத்தும். அப்போ ஷோகனுக்கு காசு எங்கிருந்து வந்தது? கியோட்டோவுல இருந்த அடகுக்கடை, சாக்கே (அரிசி மது) காய்ச்சுற கடைங்க கிட்ட வரி. 1393-ல போட்ட சட்டப்படி வருஷத்துக்கு 6000 கான் (ஒரு கான்னா ஆயிரம் காசு). கூடவே சீனா வியாபாரம். சுருக்கமா சொன்னா படையும் இல்ல நிலமும் இல்ல, டவுன்ல வட்டிக்கடைக்காரனை நம்பி நடந்த ராஜாங்கம்.

(என் பேரை பாத்து சிரிக்காதீங்க, எங்க தாத்தா தொழில்.)

தூங்காநகரம்:
சிரிச்சாச்சு அண்ணே 😂

மீன்கொத்தி:
அப்போ மூணாவது ஆளு யோஷிமிட்சு எப்படி சமாளிச்சாரு? அவருக்கும் அதே நிலம் அதே வட்டிக்கடை தானே. தாத்தா தகாவுஜி செத்த 1358-லயே இவரு பொறந்தாரு, சின்னப் பையனா பட்டம் கட்டினாங்க, ஆனா வளந்தப்புறம் ஒவ்வொரு பெரிய வீட்டையும் உள்ளுக்குள்ளயே மோத விட்டு உடைச்சாரு. 1391-ல யமானா, அந்த 11 மாகாணம் 3 ஆச்சு. 1399-ல ஓஉச்சி. நடுவுல 1392-ல ரெண்டா கிடந்த அரசவையை ஒண்ணாக்கினாரு, 1336-ல இருந்து தெற்கே யோஷினோல ஒரு பேரரசர் வடக்கே கியோட்டோல ஒரு பேரரசர்னு 50 வருஷத்துக்கு மேல நடந்த கூத்து அது. 1394-ல பட்டத்தை பையன் தலைல கட்டிட்டு தானே எல்லாத்தையும் ஆட்டி வெச்சாரு, 1408-ல சாகிற வரைக்கும். சீனாவோட மிங் பேரரசர் இவரை "ஜப்பான் நாட்டு மன்னர்"னே எழுதினாரு. ஆளு திறமையா இருந்தா அமைப்பு ஓட்டையா இருந்தாலும் ஓடும். பின்னாடி வந்தவங்க தான் உதவாக்கரை.

நெல்லிக்காய்:
அந்த மன்னர் பட்டத்துக்கு ஊர்ல நல்ல பேர் இல்ல மீன்கொத்தி. சொந்த மகன் யோஷிமோச்சியே அப்பா செத்ததும் ஒண்ணொண்ணா கலைச்சாரு. அரசவை யோஷிமிட்சுவுக்கு ஓய்வு பெற்ற பேரரசர்னு பட்டம் குடுக்க முன்வந்தப்போ வேணாம்னாரு, 1411-ல சீனா வியாபாரத்தையே நிறுத்தினாரு. அப்பா மலைப்பக்கம் கட்டின மாளிகைல பெரும்பகுதியை பிரிச்செடுத்தாங்க, தங்க மண்டபம் மட்டும் தப்பிச்சது. (அதுவும் 1950-ல ஒரு இளம் துறவி தீ வெச்சு போச்சு, இப்போ நாம பாக்கறது 1955-ல கட்டினது.)

சீட்டுல வந்த யோஷினோரி பத்தி யாரும் பேசலையே. அங்க தான் சுவாரசியமே.

தூங்காநகரம்:
அக்கா நீங்களே ஆரம்பிங்க, நான் டீ போட்டுட்டு வந்துடறேன்.

நெல்லிக்காய்:
ஆள் சின்ன வயசுலயே மடத்துக்குப் போனவர், மொட்டைத் தலை. ஷோகன்னா குடுமி வேணும் தொப்பி வேணும், அதனால முடி வளர்ற வரைக்கும் காத்திருந்து 1429-ல தான் முறைப்படி பட்டம். முதல்ல வெச்ச பேரு யோஷினோபு. அதை சொன்னா "உலகத்துக்கு ஒளிஞ்சு வாழ்றது"ங்கிற மாதிரி காதுல விழுதுன்னு மாத்தி யோஷினோரின்னு வெச்சுக்கிட்டாரு. இதுல இருந்தே ஆளோட மனசு தெரியுது இல்ல? சாமி தேர்ந்தெடுத்தவன் நான்னு ஒரு பக்கம், சீட்டுல வந்தவன்னு ஊர் சிரிக்குதோன்னு இன்னொரு பக்கம்.

சிரிப்புக்கு இவர் குடுத்த தண்டனையை கேளுங்க. 1430-ல ஒரு விழாவுல ஒரு அரசவைப் பிரபு, ஹிகாஷிபோஜோ மசுனாகா, புன்னகை பண்ணிட்டாரு. என்னை பாத்து தான் சிரிச்சான்னு சொத்தைப் பிடுங்கி வீட்டுக்காவல். 1434-ல இவருக்கு ஒரு பையன் பொறந்தான், அம்மா ஹினோ வீட்டுப் பொண்ணு. அவ அண்ணன் அப்போ ஷோகனோட கோபத்துல வீட்டோட அடைஞ்சு கிடந்தாரு. மருமகன் பொறந்திருக்கான் ஒரு வாழ்த்து சொல்லுவோம்னு அந்த வீட்டுக்குப் போனவங்க எல்லாருக்கும் தண்டனை, வாசல்ல ஆள் போட்டு யார் யார் வர்றான்னு குறிச்சு வெச்சிருக்காரு. கொஞ்ச நாள்ல அந்த அண்ணனை ராத்திரில யாரோ வெட்டிட்டுப் போனாங்க. அதே வருஷம் நோ நாடக மேதை செயாமி எழுபது வயசுக்கு மேல சாதோ தீவுக்கு நாடு கடத்தல். ஒரு இளவரசர் டைரில எழுதி வெச்ச வார்த்தை "எல்லாருக்கும் பயம்". அவ்வளவு தான், நாலே எழுத்து.

சுவடிப்பித்தன்:
ஆனா அக்கா, கொடூரம்னு மட்டும் சொல்லி விட்டுட முடியாது. யோஷிமோச்சி சொன்னதை தலைகீழாக்க பாத்தவரு இவரு. நீங்க தாங்கினா தான் நான் ஷோகனா? இல்ல, பயந்தா போதும். ஒவ்வொரு ஷூகோ வீட்டுலயும் வாரிசு யாருன்னு இவரே மூக்கை நுழைச்சு தனக்கு வேண்டியவனை உக்கார வெச்சாரு. கிழக்கே காமகுரால தனி ராஜ்ஜியம் மாதிரி ஆடிட்டு இருந்த சொந்தக்காரன் மோச்சிஉஜியை 1439-ல தற்கொலை பண்ண வெச்சாரு. ஹியே மலை மடம் இருக்கே, இவரே தலைமை குருவா இருந்த மடம், அதையும் வளைச்சாரு, 1435-ல அங்க துறவிங்க பெரிய மண்டபத்தை தாங்களே கொளுத்தி உள்ளயே செத்தாங்க. சீனா வியாபாரத்தை திரும்ப ஆரம்பிச்சதும் இவரு தான். நிலமும் படையும் இல்லாதவன் கையில மிச்சம் இருந்த ஒரே ஆயுதம் பயம்.

தூங்காநகரம்:
டீ குடிச்சாச்சு. அப்புறம் என்ன ஆச்சு, போட்டுட்டாங்களா?

நெல்லிக்காய்:
போட்டுட்டாங்க. 1441 கோடை. அகமட்சு மிட்சுசுகேங்கிற ஷூகோவுக்கு அடுத்து என் மாகாணத்தை தான் பிடுங்கப் போறாருன்னு வயித்துல புளி. அவர் மகன் அழைப்பு அனுப்பறான், எங்க வீட்டுக் குளத்துல வாத்துக்குஞ்சு நிறைய பொரிச்சிருக்கு, அம்மாவோட நீந்துறதைப் பாக்க வாங்கன்னு. வாத்துக்குஞ்சு பாக்கப் போன ஷோகன்! விருந்து, கூத்து, சாக்கே. திடீர்னு குதிரைங்களை அவுத்து விட்டு வாசல் கதவை சாத்தினாங்க, தடதடன்னு சத்தம். என்ன சத்தம்னு ஷோகன் கேக்க, பக்கத்துல இருந்த பிரபு "இடியா இருக்கும்"னாரு. அடுத்த நிமிஷம் முதுகுக்குப் பின்னாடி கதவு விலகி கவசம் போட்ட ஆளுங்க வந்து தலையை எடுத்துட்டாங்க.

அந்த "எல்லாருக்கும் பயம்" எழுதின இளவரசர் சதாஃபுசா தான் இதையும் எழுதினாரு. தானே தேடிக்கிட்டது, ஷோகன் ஒருத்தன் இப்படி நாய் சாகிற மாதிரி செத்ததை முன்னப்பின்ன கேள்விப்பட்டதே இல்லைன்னு.

வட்டிக்கடை:
அதுல எனக்கு பிடிச்ச பகுதி அதுக்கப்புறம் தான். அகமட்சு ஆளுங்க தன் வீட்டுக்கே தீ வெச்சுட்டு, ஷோகன் தலையை ஈட்டில குத்தி எடுத்துக்கிட்டு ஊருக்கு நடுவுல சாவகாசமா நடந்து சொந்த மாகாணத்துக்குப் போறாங்க. துரத்த ஒருத்தன் கிளம்பல! விருந்துல இருந்த பெரிய தலைங்க சுவர் ஏறிக் குதிச்சு வீட்டுக்குப் போய் கதவை சாத்திட்டாங்க. யார் யார் கூட்டுன்னு தெரியாம ஒருத்தரை ஒருத்தர் சந்தேகம். படை கிளம்பவே வாரக்கணக்கு ஆச்சு.

இந்த இடைவெளில விவசாயிங்க ஆயிரக்கணக்குல கியோட்டோவை வளைச்சு கடன் எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணுன்னாங்க. ஷோகன் மாறினா பழைய கடன் செத்துப்போச்சுங்கிறது அவங்க நியாயம். 1428-ல சீட்டு குலுக்கின வருஷமும் இதே தான் நடந்தது, சாகாமோதோ பக்கம் குதிரை மேல பாரம் ஏத்தி ஓட்டுறவங்க ஆரம்பிச்சாங்க. யாக்யூ ஊர்ல ஒரு பாறைல இன்னும் செதுக்கி வெச்சிருக்கு, முதலாம் ஷோச்சோ வருஷத்துக்கு (அதாவது 1428) முந்தின கடன் இந்த நாலு கிராமத்துல ஒண்ணும் பாக்கி இல்லைன்னு. என்னா தில்லு பாருங்க, கல்வெட்டு! 1441-ல அரசாங்கமே தள்ளுபடி ஆணை போட்டுது. போட்டா என்ன ஆகும்? அடகுக்கடை படுத்துச்சு, அவன் கிட்ட வந்த வரியும் படுத்துச்சு. தன் கஜானாவை தானே ஓட்டை போட்ட கதை. 1454-ல இன்னொரு தந்திரம், கடன்ல பத்துல ஒரு பங்கை அரசாங்கத்துக்கு கட்டு, உன் கடனை ரத்து பண்றேன். ஆணையையே விலைக்கு வித்தாங்க.

மீன்கொத்தி:
1454 யாரு ஆட்சி? யோஷிமாசா! நான் என்ன சொன்னேன்.

புதுவரவு:
வெள்ளிக் கோயில் கட்டினவர் தானே இவர்? ஓனின் போர்ல அந்த வெள்ளித் தகட்டை எல்லாம் உரிச்சு எடுத்துட்டாங்கன்னு எங்கயோ படிச்சேன்.

நெல்லிக்காய்:
வெள்ளி பூசவே இல்லப்பா. போர் முடிஞ்சு 1482-ல தான் அந்த இடத்துல கட்டவே ஆரம்பிச்சாங்க, மண்டபம் எழும்பினது 1489, அவர் செத்தது 1490. பிற்காலத்துல ஆய்வு பண்ணிப் பாத்தும் வெள்ளித் தடயம் கிடைக்கல. அங்க போனா எல்லாரும் அந்த மண்டபத்தை போட்டோ எடுத்துட்டு திரும்பிடறாங்க, பக்கத்துல தோகுதோன்னு ஒரு சின்னக் கட்டடம் இருக்கு, அதுக்குள்ள நாலரை பாய் அளவுல ஒரு அறை. ஓரமா எழுதற பலகை, ஒரு அலமாரி. ஜப்பான் தேநீர் அறைக்கெல்லாம் அது தான் தாய்னு சொல்லுவாங்க. ஜப்பான் வீடுன்னு நினைச்சா நம்ம கண்ணு முன்னாடி வருதே, வழுக்குக் கதவு, பாய் விரிச்ச தரை, ஓரத்துல ஒரு மாடம், அதெல்லாம் இந்த மனுஷன் காலத்து ரசனை. கெட்ட ராஜான்னு ஒரே வரில முடிக்க எனக்கு மனசு வரல.

மீன்கொத்தி:
ரசனை சரி அக்கா. 1461 பஞ்சத்துல கியோட்டோவுல மட்டும் ரெண்டு மாசத்துல 82,000 பேர் செத்தாங்க. எப்படித் தெரியும்னா ஒரு துறவி 84,000 சின்ன மரப் பலகை செஞ்சு ஒவ்வொரு பிணத்து மேலயும் ஒண்ணு வெச்சுட்டே போனாரு, கடைசில 2,000 தான் மிச்சம். காமோ ஆத்துல தண்ணி போக வழியில்லாம பிணம். கான்-ஆமின்னு ஒரு துறவி ரொக்காகுதோ கோயில் முன்னாடி பிச்சை எடுத்து கஞ்சி ஊத்திட்டு இருந்தாரு. அப்போ ஐயா என்ன பண்ணிட்டு இருந்தாரு? மாளிகைக்கு தோட்டம் போட்டுட்டு இருந்தாரு. பேரரசரே பொறுக்க முடியாம ஒரு கவிதை எழுதி அனுப்பி குத்திக் காட்டினாரு, மக்கள் மலையில மிச்சம் இருக்கிற கீரையைப் பிடுங்கித் தின்னுட்டு இருக்காங்கன்னு. இதுக்கு உங்க நாலரை பாய் ஈடாகுமா?

நெல்லிக்காய்:
ஈடாகாது. நான் ஈடுன்னு சொல்லவும் இல்ல.

சுவடிப்பித்தன்:
யோஷிமாசாவை கொஞ்சம் அவர் பக்கமா நின்னு பாருங்க. அப்பா யோஷினோரி வாத்துக்குஞ்சு விருந்துல செத்தப்போ அவருக்கு அஞ்சு வயசு. அண்ணன் யோஷிகாட்சு ஏழாவது ஷோகன், 1443-ல சின்னப் பையனாவே போயிட்டான். பயமுறுத்தி ஆண்டா தலை போகும்னு பாத்து வளந்த பையன் இவரு. இளமைல ஏதோ ஆணை எல்லாம் போட்டுப் பாத்தாரு, ஹதகேயாமா வீட்டு வாரிசு சண்டைல ஒரு தடவை இவனுக்குன்னாரு இன்னொரு தடவை அவனுக்குன்னாரு, ரெண்டு பேருமே கேக்கல. கேக்க வெக்க படை எங்க இருக்கு? 1467 ஆரம்பத்துல கமிகோர்யோ கோயில் காட்டுல அந்த ரெண்டு ஹதகேயாமா மோதினதுல தானே ஓனின் போரே பத்திக்கிச்சு. ஒரு பக்கம் ஹொசோகாவா கட்சுமோதோ, எதிர்ப்பக்கம் யமானா சோசென், கிழக்கு முகாம் மேற்கு முகாம். மேற்கு முகாம் போட்ட இடம் தான் இன்னிக்கு பட்டு நெசவுக்குப் பேர் போன நிஷிஜின், பேரே மேற்கு முகாம் தான்.

தூங்காநகரம்:
யோஷிமாசா பொண்டாட்டி தோமிகோ தான் தன் பையனுக்கு பட்டம் வேணும்னு போரை மூட்டி விட்டான்னு சொல்லுவாங்களே?

நெல்லிக்காய்:
அதானே, எந்த ஊர் சரித்திரமா இருந்தாலும் கடைசில பழி ஒரு பொம்பளை தலைல வந்து விழணும். யோஷிமாசா வாரிசு இல்லைன்னு மடத்துல இருந்த தம்பி யோஷிமியை 1464-ல கூப்பிட்டு வந்தாரு, மறு வருஷமே தோமிகோவுக்கு பையன் பொறந்துட்டான். அவ யமானா கிட்ட போய் உதவி கேட்டான்னு சொல்றது பிற்காலத்துல எழுதின ஒரு போர்க்கதை, இப்போ ஆராய்ச்சியாளர்கள் பலர் அதை நம்பறதில்ல. காசு சேத்தா, அது உண்மை. கியோட்டோ ஏழு நுழைவாயில்லயும் சுங்கம், பிரபுக்களுக்கு வட்டிக்கு விட்டா, எதிர் முகாம் தளபதிக்கே கடன் குடுத்திருக்கா. ஆனா அவன் காசை வாங்கிட்டு ஊரைப் பாத்துப் போனதுல தான் போர் ஓஞ்சதுன்னும் சொல்லலாம்.

வட்டிக்கடை:
என் கட்சி. 🙏

மீன்கொத்தி:
சரி ஒரு படி இறங்கி வர்றேன். யோஷிமாசா தான் காரணம்னு இனி சொல்லல. ஆனா 1428-ம் இல்ல. ஓனின் போர் முடிஞ்சப்புறமும் ஷோகன் செத்த பாம்பு ஆகல. ஒன்பதாவது ஆள் யோஷிஹிசா 1487-ல தானே படை திரட்டி ரொக்காகுங்கிற ஷூகோ மேல ஓமி மாகாணத்துக்குப் போனாரு, அந்த முகாம்லயே 1489-ல நோயில செத்தாரு, இருபத்தி மூணு வயசு. அடுத்து வந்த யோஷிதானேயும் படையோட போனாரு, பல ஷூகோ கூடவே வந்தாங்க. என் தேதி 1493. யோஷிதானே காவாச்சி மாகாணத்துல சண்டைல இருக்கும்போது ஹொசோகாவா மசாமோதோ கியோட்டோவுல உக்காந்துக்கிட்டே வேற ஒருத்தனை ஷோகன் ஆக்கிட்டான், யோஷிசுமி. தோமிகோவும் அவன் பக்கம். போர்க்களத்துல இருந்த படை அப்படியே கரைஞ்சு போச்சு. ஷோகனை கான்ரே வீட்டுக்காரன் சட்டை மாத்துற மாதிரி மாத்தினது அது தான் முதல் தடவை. போர்க்கால யுகம் அங்க இருந்து தான் ஆரம்பம்னு நிறைய வரலாற்றாளர்கள் இப்போ சொல்றாங்க.

சுவடிப்பித்தன்:
இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன் 😄 அதே மசாமோதோ சில வருஷம் கழிச்சு, யோஷிசுமிக்கு அரசவைல பதவி உயர்வு தரலாமான்னு பேச்சு வந்தப்போ என்ன சொன்னான் தெரியுமா? பதவி எல்லாம் எதுக்கு, எவ்வளவு ஆணை போட்டாலும் ஆளுங்க கேக்கலைன்னா பயன் இல்லைன்னு. யோஷிமோச்சி படுக்கைல கிடந்து சொன்ன அதே வசனம்! 1428-ல ஷோகன் மனசுக்குள்ள ஒத்துக்கிட்டதை எழுபது சொச்சம் வருஷம் கழிச்சு வேலைக்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்றான். பேரரசர் முடிசூட்டு விழாவும் வேணாம்னான், காசு தண்டம்னு. 1500-ல பட்டத்துக்கு வந்த பேரரசர் கோ-காஷிவாபாரா 1521 வரைக்கும் விழாவுக்கு காத்திருந்தாரு. அவர் அப்பா உடம்பு அடக்கம் பண்ண காசில்லாம நாப்பது நாளுக்கு மேல கிடந்தது.

தூங்காநகரம்:
மசாமோதோ எப்படி செத்தான்?

நெல்லிக்காய்:
1507-ல குளியலறைல வெட்டுப்பட்டு. கல்யாணம் பண்ணல, மலைச்சாமியார் மாதிரி மந்திர தந்திரம் பழகிட்டு இருந்தவன், மூணு பேரை தத்து எடுத்து வெச்சிருந்தான், மூணு தத்துக்கும் சண்டை. வாரிசு சண்டையை மூட்டி பிழைச்சவன் வீட்டுலயே வாரிசு சண்டை.

யோஷிதானே கதையும் சொல்லிடறேன். பிடிபட்டு ஒரு மழை ராத்திரில தப்பிச்சு வடக்கே ஓடி, அங்க இங்க அலைஞ்சு, மேற்கே ஓஉச்சி கிட்ட போய் அவர் படையோட 1508-ல திரும்ப வந்து உக்காந்தாரு. ரெண்டு தடவை ஷோகன் ஆன ஒரே ஆள் இவரு. 1521-ல அந்த முடிசூட்டு விழா கடைசில நடக்கப் போகுதுங்கிற நேரத்துல ஹொசோகாவாவோட சண்டை போட்டுக்கிட்டு ஊரை விட்டே ஓடிட்டாரு, பேரரசருக்கு வந்தது பாருங்க கோபம். 1523-ல ஷிகோகு தீவுல செத்தாரு. ஊர் வெச்ச பேரு "மிதக்கும் ஷோகன்".

வட்டிக்கடை:
நீங்க ரெண்டு பேரும் தேதிக்கு அடிச்சுக்கறீங்க, நான் வேற கேக்கறேன். 1428-லயோ 1493-லயோ முடிஞ்சதுன்னா அப்புறமும் ஏன் எல்லாரும் ஷோகன் வாசல்ல காசோட நின்னாங்க? வீடியோ கேம் ஆடுறவங்களுக்கு தெரிஞ்ச பேருங்களையே எடுத்துக்கோங்க. தகேதா ஷிங்கென்னோட இயற்பேரு ஹாருநோபு, அந்த ஹாரு பன்னெண்டாவது ஷோகன் யோஷிஹாரு மரியாதையா தன் பேர்ல இருந்து குடுத்த எழுத்து. உஎசுகி கென்ஷின் தேருதோரா, மோரி தேருமோதோ, தாதே தேருமுனே, எல்லா தேருவும் பதிமூணாவது ஆள் யோஷிதேரு குடுத்தது. இமாகாவா யோஷிமோதோவுக்கு அந்த யோஷியே கிடைச்சது. எங்கயோ 500 மைல் தள்ளி தனி ராஜ்ஜியம் நடத்துறவன், பேர்ல ஒரு எழுத்துக்காக குதிரையும் கத்தியும் பணமும் அனுப்பறான். செத்த கடைல யாராவது சரக்கு வாங்குவானா?

மீன்கொத்தி:
ம்ம். அது நல்ல அடி.

சுவடிப்பித்தன்:
பாதி ஒத்துக்கறேன். ஆணை செல்லல, ஆனா முத்திரை செல்லுது. தேரு அதை புரிஞ்சுக்கிட்டவர். அப்பா யோஷிஹாரு வாழ்க்கைல பாதி கியோட்டோவுக்கு வெளிய ஓமிப் பக்கம் தஞ்சம் தான், இவருக்கு பட்டம் கட்டினதே 1546-ல சாகாமோதோ கோயில்ல, பதினோரு வயசுப் பையன். வளந்ததும் தூரத்து பிரபுக்கள் சண்டைக்கெல்லாம் தூது அனுப்பி சமாதானம் பேசினாரு, சிலர் கேட்டாங்க. கிறிஸ்தவப் பாதிரி விலேலாவுக்கு 1560-ல கியோட்டோவுல பிரசங்கம் பண்ண அனுமதி குடுத்ததும் இவரு தான். இப்படி பேர் வாங்க ஆரம்பிச்சதும் கியோட்டோவை கையில வெச்சிருந்த மியோஷி கூட்டத்துக்கு அடிவயிறு கலங்கி 1565-ல மாளிகையை வளைச்சு கொன்னுட்டாங்க. கத்தி எல்லாம் பாய்ல குத்தி வெச்சு ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி சண்டை போட்டாருன்னு சொல்றது பிற்காலக் கதை, ஆனா கையில ஆயுதத்தோட சண்டை போட்டே தான் செத்தாரு. வெறும் பொம்மையா இருந்தா கொல்ல வேண்டிய அவசியமே இல்லையே, அதனால வட்டிக்கடை அண்ணன் சொல்றது சரின்னு தோணுது.

தூங்காநகரம்:
முடிவு வரலைன்னா நாமளும் திருவுளச்சீட்டு போட்டுடலாமா? 1428, 1441, 1467, 1493, 1573. அஞ்சு சீட்டு.

மீன்கொத்தி:
போட்டு என்ன வந்தாலும் நாங்க ஏத்துக்கலைன்னா என்ன பிரயோஜனம் 😂

புதுவரவு:
சிலை இல்லாத அந்த பதினாலாவது ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே? தலையை வெட்டினாங்கன்னு வேற எங்கயோ படிச்சேன், அது இந்த சிலைங்களா?

சுவடிப்பித்தன்:
பதினாலாவது யோஷிஹிதே. தேருவை கொன்ன கூட்டம் 1568-ல பட்டம் கட்டின ஆளு, ஷோகனா கியோட்டோவுக்குள்ள கால் வைக்காமலே அதே வருஷம் நோயில போயிட்டாரு. தலை வெட்டினது ஆமா, இதே தோஜி-இன் சிலைங்க தான். 1863-ல பேரரசர் கட்சி ஆளுங்க ராத்திரி புகுந்து தகாவுஜி, யோஷிஅகிரா, யோஷிமிட்சு மூணு பேர் மரத் தலையை பிடுங்கிட்டுப் போய் சான்ஜோ ஆத்தங்கரைல கொலைகாரன் தலையை வெக்கிற மாதிரி வெச்சாங்க. பேரரசருக்கு துரோகம் பண்ணின ஷோகனுக்கு இது தான்னு எழுதியும் வெச்சாங்க. 500 வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்க மேல கோபம் இல்ல, அப்போ உயிரோட இருந்த தொகுகாவா ஷோகனுக்கு விட்ட மிரட்டல் அது. இப்போ தலை எல்லாம் பத்திரமா கழுத்து மேல இருக்கு, நான் கிட்டப் போய் பாத்தேன்.

நெல்லிக்காய்:
தகாவுஜி மேல கோபம் அதோட நிக்கல. 1934-ல ஒரு மந்திரி, நாகாஜிமா குமாகிச்சி, தகாவுஜியை பாராட்டி முன்ன எழுதின கட்டுரைக்காக பதவியையே விட வேண்டி வந்தது. அதே தகாவுஜி தன் எதிரி கோ-தாய்கோ பேரரசர் செத்ததும் அவர் ஆன்மா சாந்திக்கு தென்ர்யூஜி கோயிலையே கட்டினவர், அதுக்கு காசு சேக்க சீனாவுக்கு கப்பல் விட்டாரு.

வட்டிக்கடை:
கடைசி ஆள் யோஷிஅகியை விட்டுட்டீங்க. தேருவோட தம்பி, நாராவுல துறவியா இருந்து தப்பிச்சு நோபுனாகா தோள்ல ஏறி 1568-ல வந்தாரு. அப்புறம் ஊரெல்லாம் ரகசியக் கடிதம் எழுதி நோபுனாகாவுக்கு எதிரா கூட்டு சேத்தாரு. 1573-ல மாகிஷிமா கோட்டைல தோத்து வெளியேறினாரு. ஆனா பதவியை விடல! மேற்குப் பிரபு மோரி நிழல்ல தோமோ துறைமுகத்துல உக்காந்துக்கிட்டு ஷோகன்னே கையெழுத்து போட்டு கடிதம் அனுப்பிட்டே இருந்தாரு. முறைப்படி விட்டது 1588-ல. நோபுனாகாவுக்கு அப்புறம் நாட்டைப் பிடிச்ச ஹிதேயோஷி 10,000 கோக்கு நெல் வருமானம் குடுத்து மரியாதையா வெச்சுக்கிட்டாரு, 1597-ல ஒசாகால சாவு. அந்த தோமோ தான் 1336-ல தகாவுஜி தோத்து மேற்கே ஓடும்போது பேரரசர் ஆணை கைக்கு வந்து சேர்ந்த ஊர். தோமோவுல எழும்பி தோமோவுல விழுந்ததுன்னு அங்க ஒரு சொலவடை. ஆகவே ஆறாவது சீட்டு, 1588.

மீன்கொத்தி:
ஐயோ இன்னொண்ணா.

சுவடிப்பித்தன்:
தோமோ இன்னும் போகல அண்ணே. ஃபுகுயாமா ஸ்டேஷன்ல இறங்கினா பஸ்ல அரை மணி நேரம் தான்னு பாத்து வெச்சிருக்கேன். லீவு கிடைச்சா போயிட்டு வந்து இதே இழைல போட்டோ போடறேன், சிலை இருக்கிற மண்டபத்துல போட்டோ எடுக்க விடல.